கோட்டைச்சாமியின் படம்

"கோட்டைச்சாமி போட்டோ ஒண்ணு இருக்கு தம்பி. ஆனா, அது அவன் பொண்டாட்டிகிட்டல்ல இருக்கு."

தங்கசாமி இப்படிச் சொன்னதும் அருஞ்சுனைக்குத் தலை கிறுகிறுத்தது. கோட்டைச்சாமியின் மனைவி மதுரையில் ஒரு சத்திரத்தின் பின்கட்டில் காய்ச்சலோடு படுத்துக் கிடக்கிறாள். அருஞ்சுனையைப் பெற்ற தாய் அவள். அவளிடம் படம் இல்லாததால்தான் அவன் இந்தக் கரிசல் காட்டில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தான்.

ரங்கூனில் குண்டு விழுந்ததும் அய்யா, அம்மா, அவன் மூவரும் ஊரை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். படங்கள் இருந்த தகரப்பெட்டியைச் சுமக்க மாட்டாமல் ஒரு மலையடிவாரத்தில் போட்டுவிட்டார்கள். அந்த மலையைத் தாண்டியதும் ஓர் ஆற்றங்கரையில் அய்யா வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தார். மதுரைக்கு வந்தபின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். விளக்கேற்றி வைக்க அவர் முகம் வேண்டும்.

அய்யா சொந்த ஊரைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. குலசாமி இருளப்பசாமி, பக்கத்து டவுன் அருப்புக்கோட்டை, அவ்வளவுதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு மல்லாங்கிணற்றில் ஒரு பங்காளியைக் கண்டுபிடித்தான். அவர் வேறொருவரைக் கைகாட்டினார். அப்படியே விசாரித்து விசாரித்துப் பாலவனத்தத்தில் தங்கசாமியிடம் வந்து சேர்ந்திருந்தான். அய்யாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை அவர்.

"பேரு முத்துத்தாயி. திருச்சுழிக்குக் கிட்டத்துல இருக்கா. கலியாணமாகி ஒரு வெள்ளாமகூட வீடு வந்து சேரல, இவன் கப்பலேறிட்டான். அன்னைக்கிருந்து ஒத்தையிலதான் கெடக்கா. ஆமா, நீ அவனுக்கு என்ன வேணும்?"

மகன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. பர்மாவிலிருந்து திரும்பிய தூரத்துப் பங்காளி என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் இருமி இருமித் திருச்சுழிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பருத்திக் காட்டின் ஊடே நடந்தான். அய்யா போய்விட்டதை அவளிடம் எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று வழியெல்லாம் மனத்துக்குள் சேர்த்துக்கொண்டே போனான்.

முத்துத்தாய் வீட்டுக்குள்ளே உட்கார்ந்து பருத்திச் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நெற்றியில் வட்டமாகக் குங்குமம். தாலிக்கயிறு நேற்றுத்தான் மாற்றியதுபோல் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அருஞ்சுனை அந்த இடத்திலேயே விழுங்கிவிட்டான்.

தங்கசாமியிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னான். பங்காளி வழி, பர்மாவில் எல்லாம் போய்விட்டது, சொந்தக்காரர்களின் பழைய படம் எங்கேயாவது இருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு உட்காரச் சொல்லிவிட்டு, சேலைத் துணியில் சுற்றிய படத்தை எடுத்து வந்தாள்.

கப்பலேறும் முன் பட்டணத்தில் எடுத்து அனுப்பிய படமாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி ஓர் இளைஞன் நின்றான். மூட்டை சுமந்து கூன் விழுந்த அய்யாவை மட்டுமே அருஞ்சுனைக்குத் தெரியும். படத்தில் இருந்தவருக்கு, இப்போது அருஞ்சுனைக்கு இருக்கும் வயதுதான் இருக்கும். கண் கலங்குவதை மறைக்க முகத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

"ரங்கூன்ல இவுகள எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"பெரிய ஊரு பெரியம்மா. பாத்ததில்ல."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கம்மங்கஞ்சியைக் கரைத்துக் கொடுத்து, பெற்றவர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தாள். அம்மா மட்டும் மதுரையில் இருப்பதாகச் சொன்னான். நடந்து வந்த கதையைக் கேட்டாள். காடு, அட்டை, பாதையோரம் விழுந்து கிடந்தவர்கள் எல்லாவற்றையும் சொன்னான். அவனை அறியாமல் பேச்சு அங்கேயே போய் நின்றது. கூட வந்த ஒருவர் ஆற்றங்கரையில் இறந்துபோனார், கல்லை அடுக்கி மூடிவிட்டு வந்தோம் என்றான்.

"கடைசியில அவரு வாயில தண்ணி ஊத்த ஆளு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அவரு மகன் ஊத்துனான்."

"என்னமும் சொன்னாரா?"

"ஊருக்கு இன்னும் எம்புட்டுத் தூரம்னு கேட்டாரு."

முத்துத்தாய் காலிக் கும்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

அவன் மனமில்லாமல் படத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான். இத்தனை வருஷம் அவளுக்குத் துணையாக இருந்த ஒன்றை எந்த வாயால் கேட்பது? வாரேன் பெரியம்மா என்று வாசற்படியைத் தாண்டியபோது அவள் பின்னாலேயே வந்தாள். படத்தைப் பழையபடி துணியில் சுற்றி அவன் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"இதக் கொண்டுபோயி ஒங்க ஆத்தாகிட்டக் குடுய்யா. ஒங்க அய்யாவுக்கு விளக்கு வைக்க அவளுக்கு ஒரு மொகம் வேணும்ல" என்றாள். பிறகு நெற்றிக் குங்குமம் கலையாமல் முந்தானையால் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, "என்கிட்ட நீ ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல. நான் இப்பிடியே இருந்துக்கிறேன்" என்றாள்.