பழுதுள்ள வீரன்

என் கணவன் பரணிக்கு வீடியோ கேம்தான் உலகம். கூப்பிட்டால் காதிலேயே விழாது. ஒருநாள் கோபத்தில், அவன் உயிராக வைத்திருந்த, அந்த கேமில் வரும் கருவேங்கை என்ற வீரனின் பொம்மையை விற்றுவிடக் கடைக்கு எடுத்துப்போனேன். இந்த வீரன் பொம்மைகள், விளையாடுகிறவரின் அசைவுகளைக் கூடவே இருந்து பழகி, தாமும் அப்படியே அசைபவை.

கடையில் விலை மதிப்பிடும் பெண் போர் முரசை ஒலிக்கவிட்டாள். கருவேங்கை பாய்ந்து வாளைச் சுழற்றியது.

"சூப்பர்க்கா! நல்ல விலை போகும்."

"சீக்கிரம் முடிம்மா," என்றேன்.

கருவேங்கை வாளைத் தாழ்த்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "ஐயோ, உங்க குரல் கேட்டா சண்டையையே விட்டுடுதே! சார் செய்றதைப் பார்த்துப் பழகினதுதான். இது பழுதுக்கா, பாதி விலைதான்."

சமையலறையில் நின்றபடியே கத்துகிறவள் நான். அவன் திரும்பியதை எங்கே பார்த்தேன்?

பொம்மையைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"பாதி விலைக்கெல்லாம் தர முடியாதும்மா."