இரண்டு பாட்டில் தண்ணீர்

ஸ்கேனுக்காக இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள் மாரிச்செல்வி. நாள் தள்ளி மூன்று வாரம். இடது அடிவயிற்றில் நேற்றிலிருந்து சுருக் சுருக்கென்று வலி. பெரிய டாக்டர் தணிகாசலம் பத்து மாணவர்கள் புடைசூழ வந்தார். திரையைப் பார்த்தபடி கர்ப்பப்பையின் மகிமை குறித்து அரைமணி நேரம் பேசிவிட்டு, “பை காலியா இருக்கு. கரு இன்னும் கண்ணுக்குத் தெரியற அளவு வளரல. ரெண்டு வாரம் கழிச்சு வாம்மா” என்றார். பத்துப் பேனாக்களும் எழுதிக்கொண்டன.

“ரெண்டு நிமிஷமே தாங்காது சார்!” என்று கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பியபோது ஸ்கேன் டாக்டர் ஃபரீதா மட்டும் இருந்தார்.

“தண்ணியெல்லாம் போயிருச்சுல்ல? இப்பதான் கருவியை உள்ள வெச்சு சரியாப் பார்க்க முடியும். படுங்கக்கா.”

திரை மறுபக்கம் திரும்பியிருந்ததால் மாரிச்செல்வி ஃபரீதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் மெல்ல ஏறியது.

“அக்கா, கரு பையில இல்ல, பக்கத்துக் குழாய்ல மோதிரம் மாதிரி உக்காந்திருக்கு. வெடிச்சா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே ஆபரேஷன்.”

மாரிச்செல்வி ஃபரீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வீட்டுல மூணு வாலுங்க இருக்குங்க டாக்டர். என்னை முழுசாத் திருப்பி அனுப்பிருங்க.”

மறுநாள் காலை பெரிய டாக்டர் அதே பத்துப் பேருடன் அவள் கட்டிலருகே வந்து நின்றார். “பார்த்த மாத்திரத்துலயே நான் சந்தேகப்பட்ட கேஸ் இது…”

தையல் இழுக்க, சிரிப்பை அடக்கிக்கொண்டு மாரிச்செல்வி சொன்னாள்: “இப்பக் களைப்பா இருக்கு சார். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க.”

பழக்க தோஷத்தில் பத்துப் பேனாக்களும் அதையும் எழுதிக்கொண்டன.