மெஷின் போட்ட டீ

இந்தக் காலத்தில் மனிதனுக்கு மனிதன் மரியாதை கொடுப்பதில்லை. மெஷினுக்குக் கொடுக்கிறார்கள்.

அந்த ஆபீசில் டீ மெஷின் மூக்கடைத்த குரலில் "நன்றி" என்று சொன்னால், படித்த பிள்ளைகள் நின்று "பரவாயில்லங்க" என்று பதில் சொல்லிவிட்டுப் போகும். வாசலில் நிற்கும் கிழட்டு வாட்ச்மேனை ஏறெடுத்துப் பார்க்காது.

பீரோ கணக்காக நின்ற அந்த மெஷின் வந்த அன்றே டீக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து தானியங்கி கேட் வருகிறதாம். அப்புறம் வாட்ச்மேனும் வீட்டுக்குத்தான். ஒரு திருடனையாவது பிடித்துக் காட்டினால் விட்டுவைப்பார்களோ என்னவோ.

திருடன் தானாகவே வந்தான். வேலை போன அதே டீக்காரர்! ஆபீஸ் திறக்கும் முன்பே பின்சுவர் ஏறிக் குதித்தார். கையில் பை. உள்ளே ஏதோ கடகடத்தது. மறுநாளும் அப்படியே. பார்த்த வாட்ச்மேன் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

'வயிற்றெரிச்சல். மெஷினைக் கழற்றி விற்கிறான். இல்லையென்றால் பாலில் எதையோ கலக்கிறான். அதனால்தான் டீ திடீரென்று அருமையாக இருக்கிறது என்று பிள்ளைகள் அலைகிறார்கள்.'

அடுத்த நாள் வாட்ச்மேன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். மெஷினின் பின்பக்கக் கதவைத் திறந்து டீக்காரர் உள்ளே நுழைந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. வாட்ச்மேன் பாய்ந்து அதைப் பிடித்தார்.

"மாட்டினியாடா!"

"அண்ணே, காலை விடுங்கண்ணே! பால் பொங்கிடும்!"

"பொங்கட்டும்! மெஷினுக்குள்ள உனக்கென்ன வேலை?"

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார்.

"பெரியவரே, விடுங்க அவரை!"

"திருடன் சார்! கையும் களவுமா..."

"கத்தாதீங்க. மெஷின் வந்த வாரமே படுத்துருச்சு. அதை வாங்கச் சொன்னவன் நான். முதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சிருவாரு. இப்ப இவர்தான் மெஷின்."

"நன்றி" என்றது உள்ளேயிருந்து அதே மூக்கடைத்த குரல்.

வாட்ச்மேன் காலை விட்டார். "அப்ப என் கதி?"

மேனேஜர் அவரை மேலும் கீழும் அளந்தார். "கேட்டும் இதே ஆளுங்ககிட்டதான் வாங்குறோம். எப்படியும் படுத்துரும். கேட்டுக்குப் பக்கத்துல அதை இயக்குற பெட்டி ஒண்ணு இருக்கும். கொஞ்சம் வயித்தைக் குறைச்சீங்கன்னா உள்ள உக்காந்துக்கலாம்."

மெஷின் ஒரு டீயை நீட்டியது. வாட்ச்மேன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன இருந்தாலும் மனுசன் கையால போட்ட மாதிரி வராது" என்று முனகிக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார்.