உடும்பு சொன்ன பதில்

மயிலின் முட்டைகள் காணாமல் போன அன்று, காட்டு மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் உடும்பை, காட்டில் நியாயம் சொல்லும் யானையின் முன்னால் இழுத்து வந்தன.

"திருட்டு உடும்பு!" என்று கத்தியது மயில்.

"அது வசவு. இது என்னைக்கு, எங்கே, என்ன செஞ்சுது? அதைச் சொல்லு," என்றது யானை.

"இன்னைக்குக் காலையில, ஓடைக்கரைப் புதர்ல இருந்த என் மூணு முட்டையையும் தின்னுடுச்சு."

யானை உடும்பிடம் திரும்பியது. "உன்மேல சொன்ன குற்றம் புரிஞ்சுதா? செஞ்சியா?"

உடும்பு தரையைப் பார்த்தபடி சொன்னது: "செஞ்சேன்னே வச்சுக்குங்க. இல்லைன்னு சொன்னா யார் நம்பப் போறாங்க?"

"ஒத்துக்கிட்டா நீ இந்தக் காட்டை விட்டே போகணும். தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்போ நீ சொன்னது செல்லாது. மறுபடியும் கேட்கிறேன்."

யானை முன்கால்களை மடித்து, உடும்பின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்தது. இவ்வளவு பெரிய உருவம் தன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பதை உடும்பால் நம்பவே முடியவில்லை.

"நான் செய்யலீங்க."

யானை எழுந்தது. "மயிலே, இனி நிரூபிக்க வேண்டியது உன் பொறுப்பு. இது தின்னதைப் பார்த்தியா?"

மயில் தலைகுனிந்தது. "பார்க்கல. உடும்புதானே முட்டை தின்னும்னு நினைச்சேன்."

"வேற யாராவது பார்த்தீங்களா?"

"இல்லீங்க," என்றன மற்ற மிருகங்கள்.

"உடும்பே, நீ போகலாம்."

உடும்பு நகரவில்லை. யானையையே அண்ணாந்து பார்த்தபடி நின்றது.

"என்னை இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதே இல்லீங்க. இன்னொரு தடவை கேளுங்களேன்."