கல்யாண எழுத்து

துக்க அட்டைக்கு யாராவது கல்யாண எழுத்தைக் கேட்பார்களா?

ஆர்லெட் கேட்டாள். அதுவும் கண்ணில் ஈரம் இல்லாமல், உதட்டுச் சாயம் கலையாமல்.

மாதிரிப் புத்தகத்தில் அவள் விரல் வைத்திருந்த எழுத்துருவை அச்சகக்காரன் வானஸ் எட்டிப் பார்த்தான். கொடி மாதிரி வளைந்து, வாலை நீட்டி, சுருண்டு நிற்கிற எழுத்து. மேற்கு ஃபிளாண்டர்ஸின் அந்தச் சின்ன ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கும், குழந்தை பிறந்தால் கொடுக்கிற சர்க்கரைப் பாதாம் பெட்டிக்கும் தவிர வேறு எதற்கும் அதை யாரும் தொட்டதில்லை.

"துக்கத்துக்கு நேரா நிக்கிற எழுத்துதான் மேடம் வழக்கம்."

"மத்ததெல்லாம் அதுலயே இருக்கட்டும். முதல் பேர் மட்டும் இதுல. பெருசா."

முதல் பேர்! வானஸுக்குப் பொறி தட்டியது.

அட்டை வந்தால் செத்தது யார் என்று பார்க்கும் முன்பே, உறவுக்காரர்கள் பெயர் வரிசையைப் படிக்கிற ஊர் அது. யார் முதலில், யார் கடைசியில் என்பதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

ஆர்லெட்டின் செத்துப்போன கணவர் கில்பர்ட்டின் மகள் க்ரீட் காலையிலேயே போன் செய்திருந்தாள். வானஸோடு படித்தவள், சுற்றி வளைக்கவில்லை.

"டேய், எங்கம்மாவ விரட்டிட்டு உள்ள வந்தவ அவ. அவ பேரு முதல்ல வந்துச்சுன்னா நானும் தம்பியும் சர்ச்சுக்கே வர மாட்டோம். சொல்லிட்டேன்."

சவப்பெட்டியைத் தூக்க மகன்கூட இல்லாமல் போய்விடுமோ என்று வானஸுக்குக் கவலை. பிள்ளைகள் பெயரை முதலில் போட்டால் என்ன என்று ஆர்லெட்டிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தான். அவள் அசையவில்லை. முதல் எழுத்துக்கு இதைவிட நீளமான வால் இருக்கிறதா என்று கேட்டாள்.

மனுஷன் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை, இவளுக்கு வால் நீளம் போதவில்லை.

வேண்டாவெறுப்பாக 'ஆர்லெட்' என்று தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினான். பெயர் தலைமாட்டில் ஆடிக்கொண்டு நின்றது.

அவள் திரையில் விரலை வைத்தாள்.

"என் பேர யார் போடச் சொன்னா?"

"பின்ன?"

"லுட்கார்ட்."

கில்பர்ட்டின் முதல் மனைவி. க்ரீட்டின் அம்மா.

வானஸின் விரல் அப்படியே நின்றது. விவாகரத்தானவர் பெயரை அட்டையில் போடுவதே வழக்கமில்லையே என்று இழுத்தான். அப்படியானால் உங்கள் பெயர் எங்கே வரும் என்றும் கேட்டான்.

"கடைசில, சின்னதா. இடம் இருந்தா போடுங்க."

"சரி மேடம். ஆனா அவங்க பேருக்கு எதுக்கு இந்த எழுத்து?"

ஆர்லெட் கைப்பையை மூடினாள்.

"நான் வந்த நாள்லேருந்து இந்த ஊர்ல யாரும் என் காதுபட அவங்க பேரச் சொன்னதில்ல. ஒரு தடவையாவது எல்லார் வீட்லயும் பெருசாத் தெரியட்டும்."