சேறு என்று சொன்ன இடம்

சென்னப்பட்டணக் கரையில் உச்சிவெயில். புதுக் கல்சுவருக்குத் தெற்கே மணல் மேடிட்டுக்கொண்டே போகிறது. வடக்கே அலை குப்பத்தைத் தின்கிறது. பூங்காவனம் பிரித்துத் தரும் கூரை ஓலையைக் கன்னியப்பன் வாங்கி அடுக்குகிறான். துறைமுகத் துரைக்கு ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்த்துச் சொன்னவன் அவன்தான். குப்பத்துக்கு வடக்கே கடலடியில் பாறை உண்டு. அங்கே சுவர் வந்தால் தன் மீன்பாடு போய்விடுமே என்று, வெறும் சேறு என்றான். துரை சுவரைக் குப்பத்துக்குத் தெற்கே போட்டார். “வடக்கால கட்டியிருந்தா நம்ம மணலு நம்மகிட்டயே நின்னிருக்கும்ல, அண்ணாத்தே?” என்கிறாள் பூங்காவனம். “சேத்துல சுவரு நிக்குமா, தங்கச்சி?” என்றபடி கூடையிலிருந்து, விடியலில் வடக்கே பிடித்த ஒரு களவா மீனை எடுத்து நீட்டுகிறான். ஈரச் செதிலில் வெயில் மின்னுகிறது. “பாறை இடுக்குல கெடக்குற மீனாச்சே! எங்க புடிச்ச?” அவன் கை தானாகத் தெற்கே, சுவர்ப்பக்கம் நீள்கிறது.