வெள்ளைப் பூச்சு

இலை அமிர்தத்தின் கையில் அப்பளமாய் நொறுங்கியது.

ஒயின் கம்பெனியிலிருந்து வந்திருந்த குருமூர்த்தி அதைப் பார்த்துவிட்டார். அவரும் எட்டி ஒன்றைப் பறித்தார். அதுவும் நொறுங்கியது. பந்தலை அண்ணாந்து பார்த்தபடி கோடிவரை போய்த் திரும்பி வந்தார். திராட்சைக் கொடி நெடுகப் பழுப்பேறிக் கிடந்தது. குலைகளில் காய் சுருங்கியிருந்தது.

போன வருஷம் ஊரில் எல்லார் தோட்டத்திலும் திராட்சை வெயிலில் குலை குலையாக வெந்துபோனதில் பிறந்த யோசனை இது. வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து இலையிலும் காயிலும் அடித்துவிட்டால், வெயிலை அது வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். முதலில் அமிர்தத்தின் தோட்டத்தில் அடித்துப் பார்ப்பது. பலித்தால் ஊரில் மற்ற நாலு தோட்டத்துக்கும் அடிப்பது. விளைந்ததையெல்லாம் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். பலிக்காவிட்டால் இந்த ஊர்த் திராட்சைக்கு ஒரு பெரிய கும்பிடு.

வெள்ளைக் களிமண்ணுக்கு விருத்தாசலத்தில் பஞ்சமா என்ன? கலக்கத்தான் ஆள் வேண்டும்.

அமிர்தத்தின் புருஷன் மாயவன், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில் இருபது வருஷமாக மண் கலக்கியவர். பட்டறையில் ஆள் குறைத்தபோது அவரைத்தான் முதலில் குறைத்தார்கள். அன்றிலிருந்து மனுஷன் டீக்கடைப் பக்கம்கூடப் போவதில்லை. வாசலில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

மண் கலக்க வருகிறீர்களா என்று குருமூர்த்தி கேட்ட அன்றைக்குத்தான் அவர் முகம் மழித்தார்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்க, டிரம்மில் மண்ணைக் கலக்கினார். ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு அவரே அடித்தார். பந்தல் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது. மாயவன் கொடிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், வெள்ளையடிக்கிறார் என்று கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அமிர்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த மாயவன் இப்போது பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

"என்னண்ணே கலந்தீங்க?" என்றார் குருமூர்த்தி.

"மண்ணுதாங்க சார். எப்பவும் கலக்குற மாதிரிதான் கலந்தேன்."

எப்பவும் கலக்குற மாதிரி.

அமிர்தம் இன்னொரு இலையை எடுத்து நகத்தால் சுரண்டினாள். வெறும் களிமண் என்றால் மாவாக உதிர வேண்டும். இது உதிரவில்லை. சில்லாகப் பெயர்ந்து நகக்கண்ணில் குத்தியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் அவளும் அதே பட்டறையில் அச்சுக்கு மண் ஊற்றியவள்தான். பொம்மைக்கு மண் கலக்கும்போது கேனிலிருந்து சிலிகேட் ஊற்றுவார்கள். பார்க்கத் தேன் மாதிரி இருக்கும். அது விழுந்தால்தான் மண் அடியில் தங்காமல் நீர்த்து ஓடி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் இறங்கும். காய்ந்தால் கண்ணாடியாக இறுகிவிடும். பொம்மைக்கு நல்லதுதான். இலைக்கு எமன். ஸ்பிரேயர் அடைத்துக்கொள்ளக் கூடாதே என்று கொஞ்சம் தாராளமாகவே ஊற்றியிருப்பார்.

வேண்டுமென்றா செய்தார்? உப்புப் போடாமல் குழம்பு வைக்கச் சொன்னால் எந்தக் கைக்கு வரும்? அது இல்லாமல் மண் கலக்க அந்தக் கைக்குத் தெரியாது.

இதை இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் மனுஷன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார்.

வரப்பில் ஆராயி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி. காய்த்துக்கொண்டிருந்த முந்திரியை வெட்டிவிட்டுத் திராட்சை வைத்தவள். இந்த வருஷந்தான் அவளுக்கு முதல் காய்ப்பு. என்ன சொல்லப்போகிறார்களோ என்று போட்டது போட்டபடி ஓடிவந்திருந்தாள்.

அமிர்தம் அவள் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"வெயிலுதாங்க சார். மேட்டு நெலம் பாருங்க, சாயங்காலம் வரைக்கும் வாங்குது. அதான் கருக்கிடுச்சி."

வெயில் என்ன, வந்து இல்லை என்று சாதிக்கவா போகிறது? ஊரில் எது கெட்டாலும் இப்போது அதன் தலையில்தான் போடுகிறார்கள். இதுவும் ஒன்று கூடட்டும். கம்பெனிக்காரர் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். கொடி போகட்டும், ஆள் இருந்தால் போதும். ஆராயி முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் அவளை அரித்தது.

குருமூர்த்தி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு இலையைக் கீழே போட்டுவிட்டு மாயவன் தோளில் கை வைத்தார்.

"விடுங்கண்ணே, உங்க மேல தப்பில்ல. இங்க அடிக்கிற வெயிலுக்கு ஒரு பூச்சு பத்தல, அவ்வளவுதான். நாளைக்கே ஆராயி அக்கா தோட்டத்துல ஆரம்பிங்க. நாலு தோட்டத்துக்கும் ரெண்டு ரெண்டு பூச்சா அடிச்சிடுங்க. நீங்களே கலக்குங்க, வேற யாரும் வேணாம்."

சொல்லிவிட்டு அவர் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

மாயவன் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"அமிர்தம், ரெண்டு பூச்சுன்னா வூட்டுல இருக்குற கேனு பத்தாது. பட்டறைக்குப் போயிட்டு வரேன்."

அமிர்தம் வாயைத் திறந்தாள். அதற்குள் ஆராயி வரப்பிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டாள்.

"பஸ்ஸுக்கு நிக்காதீங்கண்ணே, வெயிலு" என்று தன் வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தாள்.